பதில்: மண்ணு காஞ்சா ரீடிங் 32767லயே நிக்குது

தம்பி, பாலக்கோடு தக்காளித் தோட்டத்துல மண்ணு காஞ்சதும், சென்சார் தர்ற வோல்ட்டை நம்பரா மாத்துற ஏடிஎஸ்1115 சிப்போட ரீடிங் 32767லயே நின்னுடுதுன்னு கேட்டிருந்தீங்க, சிப்பு போகலை, பயப்படாதீங்க. அது வர்ற வோல்ட்டை உள்ள இருக்கிற ஒரு ரெஃபரன்ஸோட ஒப்பிட்டுத்தான் நம்பரா மாத்துது, கோடுல நீங்க எதுவும் செட் பண்ணலைன்னா சிப்போட ரேஞ்சு வெறும் 2.048 வோல்ட்தான், மண்ணு ஈரம் பாக்குற உங்க கெப்பாசிட்டிவ் சென்சார் மண்ணு காயக் காய வோல்ட் ஏத்திக்கிட்டே போகும், அது 2.048ஐத் தாண்டிட்டா 32767க்கு மேல சொல்ல சிப்புகிட்ட நம்பரே இல்ல. ரேஞ்சை 4.096க்கு மாத்துங்க, அப்ப ஒரு எண்ணுக்கு 0.125 மில்லிவோல்ட், தோட்டத்துக்கு அதுவே தாராளம். ஆனா ஒண்ணு, சிப்பை 3.3 வோல்ட்ல ஓட்டுறீங்கன்னா ரேஞ்சு எதுவா இருந்தாலும் இன்புட் 3.6 தாண்டவே கூடாது, சிப்பு கருகிடலாம். மோட்டார் போட்டதும் ரீடிங் ஆடுதுன்னீங்களே, சிப்போட பவர் கால் பக்கத்துலயே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வச்சு, சென்சார் ஒயரை மோட்டார் கேபிள்கிட்ட போகாம தள்ளி இழுத்துப் பாருங்க.