புருஷன் கடன் பெண்டாட்டி தலையிலா?

கேள்வி: என் கணவர் நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார், வயது 48. அவர் பெயரில் 50 சென்ட் தேயிலை இருக்கிறது. வீடு என் அம்மா எனக்கு எழுதிக் கொடுத்தது. கேரட் போட மேட்டுப்பாளையம் மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறார், கூட்டுறவு சங்கத்தில் என் நகையை அடகு வைத்திருக்கிறார், வங்கியில் 1 லட்சத்துக்கு நான் ஜாமீன். இது போக 2021-ல் நோட்டு (கடன் பத்திரம்) எழுதி ஒருவரிடம் 2 லட்சம். அவர் இப்போது என் பெயரில் புது நோட்டு கேட்கிறார், கோவையில் மகன் வேலை செய்யும் கம்பெனிக்கே வருவேன் என்கிறார். வீடு போய்விடுமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்தப் புது நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம்.

இறந்தவர் கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்துதான் பொறுப்பு. உங்கள் விஷயத்தில் அந்த 50 சென்ட், அவர் கணக்கில் கிடக்கிற பணம், அவ்வளவுதான். உங்கள் வீட்டையோ மகன் சம்பளத்தையோ நோட்டுக்காரரும் மண்டிக்காரரும் தொட முடியாது. அப்பன் கடனுக்குப் பிள்ளை பொறுப்பு என்ற பழைய இந்துச் சட்ட வழக்கத்தையும் 2005 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

சரி, புது நோட்டு எதற்கு? கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருடம்தான் ஆயுள். அதற்குள் உங்கள் கணவர் வட்டி கட்டி நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருடம். அதனால் நோட்டின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் நோட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனாலும் நிற்காது, அதனால்தான் உங்கள் கையெழுத்தைத் தேடி வருகிறார். போட்டுவிட்டால் அது உங்கள் சொந்தக் கடன், அப்போது வீடும் மாட்டும். "சும்மா ஒரு ஆயிரம் வரவு வையுங்கம்மா" என்று நைசாகக் கேட்பார்கள், அதுவும் வேண்டாம். மனசு கேட்காமல் கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், உங்கள் கணவர் சொத்து மதிப்புக்குள், நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு கொடுங்கள். மிரட்டினால் போலீசில் எழுதிக் கொடுங்கள். அநியாய வட்டி கேட்டிருந்தால் 2003 கந்துவட்டித் தடைச் சட்டமும் இருக்கிறது.

வங்கிக் கடன்தான் சிக்கல். ஜாமீன் போட்டவர் கடன் வாங்கியவர் மாதிரியேதான், அதற்கு உங்களைக் கேட்கலாம். ஆனால் கட்டுவதற்கு முன் கணவர் பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாதப் பதிவுகளைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, நாமினிக்கு 2 லட்சம் வரும். இது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

நகைக்கடனை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் விட்டால் ஏலம். இன்றைய தங்க விலைக்கு மீட்பதுதான் லாபம். வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள், இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். மண்டியில் கடைசி லோடுகளுக்கான விற்பனைச் சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள், முன்பணத்தில் கழிக்காத விற்பனைப் பணம் இருக்கலாம்.

தேயிலையை அவசரப்பட்டு விற்காதீர்கள். மாமியார் இருந்தால் அவருக்கும் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் சம பங்கு, எல்லோரும் கையெழுத்திட வேண்டும். விற்றால் அந்தப் பணம் எந்தக் கடனுக்குப் போனது என்று ரசீதோடு கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் அந்த அளவுக்கு உங்களையே கேட்பார்கள்.

நோட்டீஸ் ஏதாவது வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். உதகையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எடுத்துப் போங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போனில் கேட்க 15100.