சிறு பிரெய்ரி நகரமான மூஸ் ஜாவைப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்தலாம்?

வேலை மாற்றத்தால் டொராண்டோவிலிருந்து சஸ்காட்செவான் மாகாணத்தின் மூஸ் ஜா நகரத்துக்குக் குடிபெயரவிருப்பதாகவும், ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் உள்ள பிள்ளைகள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாகவும், "அங்கே என்னதான் இருக்கிறது?" என்ற அவர்களின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து நகரமான ரெஜைனாவில் பிள்ளைகளை வளர்த்தவன் நான். விருந்தினர் வந்தாலும் நீண்ட வார இறுதி கிடைத்தாலும் மூஸ் ஜாவுக்குக் கிளம்பிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக அடுக்கிப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த முயலாதீர்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 33,665 பேர். கேளிக்கைகளின் எண்ணிக்கையை வைத்து டொராண்டோவோடு போட்டியிட்டால் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். அதற்கு மாறாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயலும் வானமுமாகக் கிடக்கும் நிலத்தில், குறிப்பாக இந்த இடத்தில், ஓர் ஊர் ஏன் தோன்றியது என்ற கேள்வியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கேளிக்கையைவிடத் துப்பறிவது பிடிக்கும்; இளையவர் எப்படியும் மூத்தவரின் பின்னால் ஓடுவார்.

துப்பு கிடைக்கும் முதல் இடம் பழைய ரயில் நிலையம். கனடிய பசிபிக் ரயில்வே 1882 இல் இங்கே வந்து சேர்ந்தது. நீராவி எஞ்சின்களுக்கு வழியெல்லாம் தண்ணீர் வேண்டும். தண்டர் கிரீக் என்னும் ஓடை மூஸ் ஜா ஆற்றில் கலக்கும் இந்த இடத்தில் அது கிடைத்தது. எனவே எஞ்சின்களும் அவற்றை ஓட்டும் குழுக்களும் மாறிக்கொள்ளும் பிரிவுத் தலைமையிடமாக ரயில்வே இதைத் தேர்ந்தெடுத்தது. கூடாரங்களாகத் தொடங்கிய குடியிருப்பு 1903 இல் நகரமாயிற்று. ஊரின் மெயின் தெரு நிலையத்தின் எதிரிலிருந்து நேராக வடக்கே செல்வதைப் பிள்ளைகளையே கவனிக்கச் சொல்லுங்கள். நிலையத்துக்காகத் தெரு போடப்பட்டது, தெருவுக்காக நிலையம் கட்டப்படவில்லை என்பது அங்கே நின்று பார்த்தால் விளங்கிவிடும். மணிக்கூண்டு வைத்த அந்த அழகிய கட்டடத்துக்கு இப்போது பயணிகள் வருவதில்லை. 1990 தொடக்கத்தில் இந்தத் தென் வழித்தடத்தில் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் அது மதுக்கடையாக மாறியது என்பதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். மதுவிலக்குக் காலத்துக் கதைகளை இந்த ஊர் எப்படி விற்கிறது என்பதைப் பிறகு அறியும்போது அந்தச் சிரிப்பு இரட்டிப்பாகும். ஆனால் தண்டவாளங்கள் ஓயவில்லை. பொட்டாஷ் உரமும் தானியமும் ஏற்றிய சரக்கு ரயில்கள் இன்றும் முடிவே இல்லாததுபோல் கடந்து செல்கின்றன. பெட்டிகளை எண்ணும் வேலையை இளையவரிடம் ஒப்படைத்துவிட்டால் உங்களுக்குச் சற்று நேரம் அமைதி கிடைக்கும்.

நிலையத்திலிருந்து நடந்தே நகர மையத்துக்குச் செல்லலாம். செங்கல் சுவர்களில் ஊரின் பழைய நாள்களைக் காட்டும் பெரிய ஓவியங்கள் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டியதில்லை. கால் வலி வந்தால் கிரெசென்ட் பூங்காவின் ஓடைக்கரையில் உட்காருங்கள். பொது நூலகமும் அருங்காட்சியகத்தோடு இணைந்த ஓவியக்கூடமும் அந்தப் பூங்காவிலேயே உள்ளன. வந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்கு நூலக அட்டை எடுத்துவிடுங்கள். தம் பெயர் பொறித்த அட்டை ஒன்று கைக்கு வந்த பிறகு ஊர் சற்று நெருங்கி வரும்.

இனி நிலவறைகள். மூஸ் ஜா என்றதும் எல்லாரும் சொல்வது இதைத்தான்; எனக்கு நீண்ட கருத்து இருப்பதும் இதில்தான். மெயின் தெருக் கட்டடங்களின் அடித்தளங்களுக்கும் அவற்றை இணைக்கும் வழிகளுக்கும் உங்களை அழைத்துச் சென்று, வேடமணிந்த நடிகர்கள் கதை நடத்துகிறார்கள். ஒரு சுற்றுலா, சிகாகோவின் கள்ளச்சாராயத் தலைவன் அல் கபோனைப் பற்றியது. மற்றொன்று, சீனாவிலிருந்து வந்த குடியேறிகளைப் பற்றியது. கபோன் கதையில் குதூகலம் அதிகம். அவன் இங்கே வந்தான் என்பதற்கு ஆவணச் சான்று எதுவும் கிடையாது என்றாலும், கதை ஏன் இந்த ஊரில் வந்து ஒட்டிக்கொண்டது என்பதற்குக் காரணம் உண்டு. 1893 இல் சூ லைன் என்ற ரயில்பாதை மூஸ் ஜாவை அமெரிக்க எல்லையோடும், அங்கிருந்து மின்னியாபொலிஸ், சிகாகோ பக்கத்தோடும் இணைத்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. இங்கோ ரயில் நிலையத்துக்கு அருகிலேயே, சூதாட்டத்துக்கும் பிற காரியங்களுக்கும் பேர்போன ரிவர் தெரு. சான்று இல்லை, ஆனால் வழி இருந்தது. "நடந்திருக்கக்கூடும்" என்பதற்கும் "நடந்தது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பதினொரு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வாய்ப்பு பள்ளியில்கூடக் கிடைப்பது அரிது.

சீனக் குடியேறிகளைப் பற்றிய சுற்றுலாவுக்கு மூத்தவரை மட்டும் அழைத்துச் செல்லும்படி சொல்வேன். இருட்டும் அதட்டலும் ஏழு வயதுக்குக் கனமாக இருக்கலாம். சீனர்கள் அந்த நிலவறைகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்ற பகுதியை வரலாற்றாசிரியர்கள் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளோ நடிப்பைவிட வலிமையானவை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளைக் குடைந்து ரயில்பாதை போட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பாதை முடிந்த 1885 ஆம் ஆண்டிலேயே சீனக் குடியேறிகள் மீது 50 டாலர் தலைவரி விதித்தார்கள். 1903 இல் அது 500 டாலராயிற்று. 1923 முதல் 1947 வரை சீனர்கள் வருவதையே ஏறக்குறைய முற்றிலும் தடுத்துவிட்டார்கள். 2006 இல்தான் கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

மூஸ் ஜாவுக்கே உரிய ஒரு வழக்கும் உண்டு; சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் இதை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள். குவாங் விங் என்பவர் இந்த ஊரில் உணவகம் நடத்தியவர். சீனாவில் பிறந்து, கனடாவில் முறைப்படி குடியுரிமை பெற்றவர். சீனர் முதலிய ஆசியர் நடத்தும் கடைகளில் வெள்ளைக்காரப் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1912 இல் சஸ்காட்செவான் சட்டம் போட்டது. தம் உணவகத்தில் அப்படி இருவரை வேலைக்கு வைத்திருந்ததற்காக அவர் தண்டிக்கப்பட்டார். அவர் விடவில்லை, வழக்கைக் கனடா உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றார். 1914 இல் அங்கும் தோற்றார். நம் பிள்ளைகளும் குடியேறிகளின் பிள்ளைகள்தாம். குடியுரிமைத் தாளை வைத்திருந்தும் சமமாக நடத்தப்படாத ஒருவர் அவர்கள் நடக்கப்போகும் தெருக்களிலேயே நடந்திருக்கிறார் என்பதை அவர்களிடமிருந்து மறைக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு கனத்துக்குப் பிறகு மான் சிலைக்குப் போவது நல்லது. ஒன்றாம் எண் நெடுஞ்சாலையோரம், பார்வையாளர் மையத்தின் அருகே நிற்கும் மேக் என்ற மாபெரும் மூஸ் மான் சிலை 1984 இல் எழுப்பப்பட்டது. உலகின் மிக உயரமான மூஸ் சிலை என்ற பெருமையோடு நின்றது. 2015 இல் நார்வேயில் ஸ்டோர்-எல்வ்டால் என்ற ஊரார் பளபளக்கும் எஃகினால் அதைவிடச் சுமார் 30 சென்டிமீட்டர் உயரமாக ஒன்றைச் செய்துவிட்டார்கள். 2019 இல் மூஸ் ஜாக்காரர்களுக்கு இது தெரியவர, வாய்ச்சண்டை உலகச் செய்தியாயிற்று. நார்வேயிலிருந்து துணை மேயரே பேச்சுவார்த்தைக்கு வந்தார். முடிவில் மேக்குக்குப் புதிய கொம்புகள் பொருத்தி 10.36 மீட்டராக உயர்த்தினார்கள்; உலகின் மிகப் பளபளப்பான, கவர்ச்சியான மூஸ் என்ற பட்டம் நார்வேக்குப் போயிற்று. வளர்ந்தவர்கள் இப்படியும் சண்டை போடுவார்கள் என்பது ஏழு வயதுக்காரருக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும்.

அருகிலேயே மேற்கத்திய வளர்ச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. மாகாணத்தின் நான்கு ஊர்களில் இதற்குக் கிளைகள் உள்ளன. மூஸ் ஜா கிளை போக்குவரத்து வரலாற்றுக்கென்றே அமைந்தது. ரயில், கார், படகு, விமானம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஒன்பது விமானங்கள் சேர்ந்து வானில் வித்தை காட்டும் ஸ்னோபேர்ட்ஸ் அணிக்கும் ஒரு தனிக்கூடம் உண்டு. 1971 இல் தோன்றிய அந்த அணியின் தாயகம் ஊரின் தெற்கே உள்ள விமானப்படைத் தளம். மழையோ குளிரோ வெளியே விடாத நாளில் இங்கே அரைநாள் போய்விடும்.

என் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்டது வேறொன்று. இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே 13 கிலோமீட்டர் சென்றால், கடலே இல்லாத மாகாணத்தின் புல்வெளி நடுவே ஒரு கப்பல் நிற்கிறது. பின்லாந்திலிருந்து வந்து மாகாணத்தின் வேறொரு பகுதியில் நிலம் உழுத டாம் சுகனென் என்ற விவசாயி, 1930களில், வறட்சியும் புழுதிப்புயலும் வயல்களை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், தாய்நாட்டுக்குக் கப்பலில் திரும்பிவிடுவது என்று தீர்மானித்தார். தென் சஸ்காட்செவான் ஆறு வழியாக ஹட்சன் விரிகுடாவை அடைந்து அங்கிருந்து கடலேறுவது அவர் கணக்கு. இரும்புத் தகடுகளைத் தாமே அடித்து வளைத்துக் கப்பலைப் பகுதி பகுதியாகக் கட்டினார். ஆறோ பல மைல் தொலைவில் இருந்தது. தம் உடல்வலுவையும் குதிரையையும் கொண்டு அங்கே இழுத்துச் செல்லப் பார்த்தார். அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்றார்கள். கப்பல் நீரைத் தொடவே இல்லை. அவர் 1943 இல் மனநல மருத்துவமனையில் இறந்தார். பின்னாளில் கப்பலை மீட்டு இங்கே கொண்டுவந்தார்கள். அவருடைய கல்லறையும் இப்போது கப்பலின் அருகிலேயே இருக்கிறது. சுற்றிலும் பழைய வீடுகளையும் கடைகளையும் பெயர்த்துக்கொண்டுவந்து ஒரு முன்னோடிக் கிராமத்தையே அமைத்திருக்கிறார்கள். கோடையில் மட்டும் திறந்திருக்கும் என்பதால் நாள் பார்த்துச் செல்லுங்கள். "அவர் பைத்தியமா, அறிவாளியா?" என்று காரில் திரும்பும்போது பிள்ளைகள் சண்டை போட்டால் நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருங்கள்.

ஊர் ஏன் இங்கே தோன்றியது என்ற கேள்விக்கு ரயில் மட்டுமே விடை என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. இது பழங்குடி மக்களுக்கும் பிரிட்டிஷ் முடியரசுக்கும் இடையே 1874 இல் கையெழுத்தான நான்காம் உடன்படிக்கைக்கு உட்பட்ட நிலம். ஆறும் ஓடையும் கூடும் பள்ளத்தாக்கு ரயிலுக்கு முன்பே மக்கள் தங்கிய இடம். 1876 இல் அமெரிக்கப் படையோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போருக்குப் பின் எல்லை தாண்டி வந்த லகோட்டா என்ற பழங்குடி மக்களில் சிலர், ஊர் வளர்ந்த பிறகும் பல ஆண்டுகள் அங்கே முகாமிட்டு வாழ்ந்தார்கள். இன்று அது வாகமாவ் பள்ளத்தாக்கு என்ற பெயரில் நடைபாதைகளும் மரநிழலும் கொண்ட பூங்கா. வடகிழக்கே அரைமணி நேரம் ஓட்டினால் பஃபலோ பவுண்ட் மாகாணப் பூங்கா வரும். பழங்குடி மக்கள் காட்டெருமைகளைப் பள்ளத்தாக்கின் அமைப்பைக் கொண்டே வளைத்துப் பிடித்த இடம் அது. மூஸ் ஜாவுக்கும் ரெஜைனாவுக்கும் குடிநீர் தரும் ஏரியும் அங்கேதான் இருக்கிறது. கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமை 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆயிரத்துக்கும் குறைவாகச் சுருங்கியது. பூங்காவின் வேலிக்குள் நிற்கும் சிறு மந்தையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் "மற்றவை எங்கே?" என்று கேட்பார்கள். பதிலைச் சுருக்காமல் சொல்லுங்கள்.

குளிர்காலத்தைப் பற்றிப் பயமுறுத்தவும் வேண்டாம், பூசி மெழுகவும் வேண்டாம். பாகை சுழியத்துக்குக் கீழே 30 வரை செல்லும் நாள்கள் ஒவ்வோர் ஆண்டும் வரும். கார்களின் முன்பக்கத்தில் ஒரு மின்கம்பி தொங்குவதைப் பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடிப்பார்கள். இரவில் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கச் செருகுவது என்று சொன்னால் அவர்களுக்குக் குளிரின் அளவு விளங்கிவிடும். அந்த மாதங்களில் ஊரே கூடும் இடம் ஐஸ் ஹாக்கி அரங்கம். மூஸ் ஜா வாரியர்ஸ் அணியின் ஆட்டக்காரர்கள் பதினாறு முதல் இருபது வயதுக்குட்பட்டவர்கள். அணி 1984 இல் வினிப்பெக்கிலிருந்து இங்கே வந்தது. நாற்பது ஆண்டுகள் காத்திருந்து 2024 இல் முதல்முறையாக மேற்கு ஹாக்கி லீகின் கோப்பையை வென்றது. நீங்கள் செப்டம்பருக்கு முன் வந்து சேர்ந்தால், புதிய பருவத்தின் முதல் சில ஆட்டங்களுக்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். மறுநாள் வகுப்பில் பேச அவர்களுக்கு ஒரு விஷயம் இருக்கும், அதுவும் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும் விஷயமாகவே இருக்கும்.