கட்டுப் பிரித்த கையோடு சூரிய நமஸ்காரமா?

கேள்வி: வயது 63. 20 வருடமாக யோகா செய்கிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. 6 வாரம் மாவுக்கட்டு. பிரித்துப் பத்து நாள் ஆகிறது. சூரிய நமஸ்காரத்தை எப்போது தொடங்கலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அவசரமே வேண்டாம் அம்மா. எனக்கும் 58 வயதில் இதே மணிக்கட்டுதான் முறிந்தது. கட்டுப் பிரித்த அன்று தோசைக் கரண்டியைக்கூடத் திருப்ப முடியவில்லை. விரல்கள் வீங்கி, தோல் உரிந்து, யாருடைய கையோ போல இருந்தது. எலும்பு கூடினாலும் மூட்டு இறுகிக் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டுங்கள். எடை தாங்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, சுவரில் உள்ளங்கை ஊன்றிப் பழகுங்கள். அப்புறம் மேசை, கடைசியாகத்தான் தரை. நான் தரைக்கு வர 5 மாதம் ஆனது. அதுவரை, நிமிர்ந்து நிற்கும் தாடாசனமும் மூச்சுப் பயிற்சியும் இருக்கவே இருக்கின்றன. சென்னையில் வாழ்ந்த யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிலேயே செய்யும்படி பயிற்சியை மாற்றிக்கொண்டார்.

முக்கியமாக, எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சும்மா வழுக்கி விழுந்ததற்கே முறிந்தது என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய், இருக்கலாம். இருந்தால் பச்சிமோத்தானாசனம்போல் முதுகை வளைத்து ஆழமாகக் குனிவதை விட்டுவிடுங்கள். முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு.