சுந்தர் பிச்சை கூகுளை விட்டு விலகப் போகிறாரா?

திருகோணமலை உவர்மலைப் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். மதுரையில் பிறந்தவர் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அவர் மேல் தனிப் பாசம். யாரோ ஒருவர் யூடியூபில் "பிச்சை அவுட்" என்று போட்டால் முகம் வாடிவிடுகிறது.

பங்குச் சந்தையில் உள்ள அமெரிக்க நிறுவனம் ஒன்றின் தலைவர் விலகுவது முடிவானால், நான்கு வேலை நாட்களுக்குள் எட்டு-கே என்ற படிவத்தில் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் இல்லாதவரை ஊகம்தான்.

சரி, ஊகம் ஏன் ஓயாமல் கிளம்புகிறது? காசு அதில் இருக்கிறது. 2013 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் பால்மர் ஓய்வு பெறப் போவதாகச் சொன்ன அன்றே அந்த நிறுவனத்தின் பங்கு ஏறத்தாழ 7 சதவீதம் ஏறியது. ஆகவே முன்கூட்டியே மோப்பம் பிடிக்கப் பலர் அலைகிறார்கள். அடுத்த தலைவர் யார் என்பது அன்று தெரியாது. 2014 பிப்ரவரியில்தான் சத்யா நாதெல்லா வந்தார். அவரும் 1992 முதல் அங்கேயே வேலை செய்தவர்.

அமேசானில் வேறு மாதிரி. 2021 பிப்ரவரியில் ஜெஃப் பெசோஸ் விலகலை அறிவித்தபோதே ஆண்டி ஜாஸியின் பெயரும் வந்துவிட்டது. பொறுப்பு கைமாறியது ஜூலையில். அதனால் "நாளைக்கே போகிறார்" என்று அடித்துச் சொல்பவரிடம், அடுத்து வருபவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.