லேபிளில் ‘25’ என்று இருந்தால் 25 வருட வினிகரா?

கேள்வி: மகன் இத்தாலியில் பொலோன்யாவில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது பக்கத்தில் மொடேனாவுக்கு ஒருநாள் போய்வந்தோம். வழிகாட்டி கூட்டிப்போன கடையில் திராட்சைச் சாற்றில் செய்கிற பால்சமிக் வினிகரை, 250 மி.லி. பாட்டில், 65 யூரோ கொடுத்து வாங்கினேன். லேபிளில் பெரிதாக ‘25’ என்று இருக்கிறது. 25 வருடம் ஊறியது என்றார்கள். வீட்டில் திறந்தால் புளிப்பு நெடி மூக்கில் ஏறுகிறது. ஏமாந்துவிட்டேனா? டிசம்பரில் மகன் வரும்போது சம்பந்தி வீட்டுக்கு நல்லதாக ஒன்று வாங்கிவரச் சொன்னால், எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஏமாந்துதான் விட்டீர்கள் அம்மா. வினிகர் கெட்டதில்லை, விலைதான் அநியாயம்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். நீலமும் மஞ்சளுமாக ஒரு வட்ட முத்திரை இருக்கும். அது ஐ.ஜி.பி. வகை, நம் ஊர்ப் புவிசார் குறியீடு மாதிரி. சேர்மானங்களில் ‘அச்செட்டோ தி வினோ’ என்று இருக்கும். அதாவது ஒயின் வினிகர். அதோடு திராட்சைச் சாற்றைக் கலந்து, நிறத்துக்குக் கொஞ்சம் கேரமலும் சேர்த்து, குறைந்தது 60 நாள் மரத்தொட்டியில் வைத்தாலே விற்கலாம். 3 வருடம் தாண்டினால் ‘இன்வெக்கியாத்தோ’ (பழமையேறியது) என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் வயதை வருட எண்ணாக அந்த லேபிளில் போட அனுமதியில்லை. பிறகு அந்த 25? கேட்டால் “அது எங்கள் ரகத்தின் எண்” என்பார்கள். இந்த வகையில் நல்ல 250 மி.லி. பாட்டில் பெரும்பாலும் 10 முதல் 25 யூரோவுக்குள் கிடைத்துவிடும். மிச்சம் யார் பைக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வழிகாட்டி கூட்டிப்போகிற கடையில் வினிகர் வாங்காதீர்கள். எத்தனை பேருக்குச் சொல்லியும் இதுதான் நடக்கிறது.

உண்மையான பழைய வினிகரில் வருடக் கணக்கை எண்ணாகப் போடவே முடியாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் இனி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. அதில் ஒயின் வினிகர் கிடையாது. காய்ச்சி வற்றவைத்த திராட்சைச் சாறு மட்டும்தான். வீட்டின் மேல்மாடியில், ஓட்டுக்கூரைக்கு அடியில், பெரியதிலிருந்து சின்னதுவரை ஐந்தாறு பீப்பாய்களை வரிசையாக வைத்திருப்பார்கள். ஓக், செஸ்ட்நட், மல்பெரி, செர்ரி, ஜூனிபர் என்று மரம் மாறும். ஒவ்வொன்றின் மேலும் சதுரமாக ஒரு வாய். அதை மூடி ஒரு வெள்ளைத் துணி. கோடையில் அந்த மாடிக்கு ஏறினால் சூடும் வெல்லப்பாகு போன்ற வாசமும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். அந்தச் சூட்டில்தான் நீர் துணி வழியே ஆவியாகிச் சாறு கெட்டிப்படுகிறது. வருடத்துக்கு ஒருமுறை கடைசிச் சின்னப் பீப்பாயில் கொஞ்சம் எடுப்பார்கள். குறைந்ததை அதற்கு முந்தைய பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள், அதை அதற்கு முந்தையதிலிருந்து. புதுச் சாறு பெரிய பீப்பாயில் மட்டுமே விழும். நம் வீட்டு உறைமோர் மாதிரி, பழையதும் புதியதும் கலந்துகொண்டே இருக்கும். அதற்கு எந்த வயதை எழுதுவது? பெண் குழந்தை பிறந்தால் ஒரு வரிசைப் பீப்பாய் தொடங்கி, கல்யாணத்துக்குச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு.

இத்தனை பாடுபடுகிறவர்களுக்குச் சட்டம் என்ன செய்தது? 2019 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ‘மொடேனா பால்சமிக் வினிகர்’ என்ற முழுப் பெயருக்குத்தான் பாதுகாப்பு, ‘பால்சாமிக்கோ’ என்ற சொல்லுக்குத் தனியாக இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாங்குகிறவர் அந்த ஒரு சொல்லைத்தானே பார்க்கிறார்!

சரி, மகனுக்குச் சொல்ல வேண்டியது: லேபிளில் ‘ட்ராடிட்ஸியோனாலே’ (பாரம்பரியமானது) என்ற சொல்லும், ஐ.ஜி.பி.யைவிடக் கறாரான குறியீடான டி.ஓ.பி. என்ற மூன்று எழுத்தும், சிவப்பு மஞ்சள் முத்திரையும் இருக்க வேண்டும். மொடேனாவுடையது என்றால் உருண்டை வயிறும் கனமான செவ்வக அடிப்பாகமும் உள்ள 100 மி.லி. குப்பி. சாதா வகைக்குக் குறைந்தது 12 வருடம், சுமார் 50 யூரோ. ‘எக்ஸ்ட்ராவெக்கியோ’ (மிகப் பழையது) என்றிருந்தால் குறைந்தது 25 வருடம், தங்க நிற மூடி. விலை 90, 100-க்கு மேல் போகும். சுவைப்பு நிபுணர்கள் ருசி பார்த்துத் தேர்ச்சி கொடுத்த பிறகே குப்பியில் அடைப்பார்கள். ‘கொண்டிமென்தோ’ (தொட்டுக்கொள்ளும் சுவையூட்டி) என்று எழுதியதன் பக்கம் போகவே வேண்டாம். ஸ்பூனில் ஊற்றி “எவ்வளவு கெட்டி பாருங்கள்” என்று காட்டினால் மயங்க வேண்டாம். மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய ‘கிளாஸா’க்களும் அதே அலமாரியில்தான் இருக்கும்.

குப்பியின் வடிவத்தில் ஒரே ஒரு விலக்கு உண்டு. இதைக் கவனமாகக் கேளுங்கள், நல்ல சரக்கைப் போலி என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மாவட்டமான ரெஜ்ஜோ எமிலியாவும் இதே வினிகரை, இதே பீப்பாய் முறையில் செய்கிறது. அதற்கும் ட்ராடிட்ஸியோனாலே, டி.ஓ.பி. எல்லாம் உண்டு. ஆனால் குப்பி வேறு. தலைகீழாகக் கவிழ்த்த டியூலிப் பூப் போல இருக்கும். மொடேனாவில் இரண்டே தரம், இங்கே மூன்று: சிங்கி இறால் சிவப்பு, வெள்ளி, தங்கம். சிவப்புக்குக் குறைந்தது 12 வருடம், தங்கத்துக்கு 25, வெள்ளி இடைப்பட்ட தரம். லேபிளில் மொடேனா என்ற பெயரே இருக்காது, ‘ரெஜ்ஜோ எமிலியா’ என்றுதான் இருக்கும். அதுவும் அசல்தான், தாராளமாக வாங்கலாம்.

100 மி.லி. என்பதால், திரவங்களுக்கான பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையிலேயே கொண்டுவரலாம். ஃப்ரிட்ஜ் வேண்டாம். சம்பந்தி வீட்டில் மறக்காமல் சொல்லுங்கள்: அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. வெனிலா ஐஸ்கிரீம் மேல் நாலு சொட்டு விட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள், அவ்வளவு போதும். உங்களிடம் இருக்கும் 65 யூரோ பாட்டிலை ஆலிவ் எண்ணெயோடு கலந்து தக்காளி, வெள்ளரிக்காய் சாலடில் தாராளமாக ஊற்றிக் காலி பண்ணுங்கள்.