டெஸ்டரில் 7,000 வோல்ட். ஆனாலும் ஆடு நுழைகிறது

கேள்வி: கோவில்பட்டி பக்கம் 2 ஏக்கர் கரிசலில் தீவனப் பயிர் போட்டு, சுற்றிலும் ஐந்து வரிசை சோலார் வேலி அமைத்திருக்கிறோம். 30 கன்னி ஆடுகள் உள்ளன. ஐப்பசி, கார்த்திகையில் ஆடுகள் வேலிப் பக்கமே போகவில்லை. பங்குனி பிறந்ததிலிருந்து கம்பிக்கு நடுவே நுழைந்து அடுத்த புஞ்சைக்குப் போய்விடுகின்றன. டெஸ்டரோ 7,000 வோல்ட் காட்டுகிறது. கம்பிக்கு ஷாக் கொடுக்கும் மெஷினைப் பெரியதாக மாற்ற வேண்டுமா? 'பேசாமல் மோட்டார் ரூம் கரண்டையே கொடுத்துவிடு' என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர்.

பதில்: பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். மோட்டார் லைன் கரண்ட் இடைவிடாமல் பாய்வது. 230 வோல்ட்தான் என்றாலும், தொட்டவரின் தசை இறுகிவிடும். கையை எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது. வேலி மெஷின் நொடிக்கு ஒரு தடவைதான் அடிக்கும். அந்த அடியும் நொடியில் நூறில் ஒரு பங்குக்குக் குறைவான நேரமே நிற்கும். அடுத்தது வருவதற்குள் ஆடோ ஆளோ விலகிக்கொள்ளலாம். 7,000 வோல்ட் உயிரை விட்டுவைக்க, 230 வோல்ட் உயிரை எடுப்பது இதனால்தான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்தது நேரடி மின்சாரம் பாய்ச்சிய வேலியில்தான். அது குற்றம். அந்தப் பேச்சே வேண்டாம்.

மெஷினையும் மாற்ற வேண்டாம். உங்கள் வேலியின் கோளாறு மண்ணில் இருக்கிறது.

ஆடு மூக்கால் கம்பியைத் தொடும்போது கரண்ட் அதன் உடம்பு வழியாகக் குளம்புக்கு இறங்கி, மண் வழியாக எர்த் ராடுக்கு, அதாவது மண்ணில் அடித்து மெஷினோடு இணைத்திருக்கும் இரும்புக் கம்பிக்குப் போய், மெஷினுக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சுற்று எங்கே அறுந்தாலும் ஆட்டுக்கு ஷாக் இல்லை. மழைக்காலத்தில் மண் ஈரமாக இருந்தது, சுற்று முழுமையாக இருந்தது. இப்போது மேல்மண் காய்ந்துவிட்டது. ஆட்டுக் குளம்பும் காய்ந்த கொம்பு மாதிரிதான். டெஸ்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு என்பதால், எர்த் கெட்டுப்போயிருந்தாலும் அது 7,000 என்றே காட்டும். ஆட்டுக்கு உறைக்க அதைவிடப் பல மடங்கு கரண்ட் ஓட வேண்டும்.

எர்த் ராடு நட்ட இடத்துக்குப் போய்க் குனிந்து பாருங்கள். கரிசல் காய்ந்தால் வெடிக்கும். ராடை ஒட்டியே வெடிப்பு விழுந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், அந்த ராடின் மேல்பாதி மண்ணைத் தொடாமல் சும்மா நிற்கிறது என்று அர்த்தம். செம்மண்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

எர்த்தைச் சோதிக்க வழி இருக்கிறது. மெஷினை நிறுத்துங்கள். மெஷினிலிருந்து 100 மீட்டராவது தள்ளி, மூன்று நான்கு கடப்பாரைகளைத் தரையில் ஆழமாக ஊன்றி, ஷாக் கம்பியில் படும்படி சாய்த்து வையுங்கள். பிறகு மெஷினைப் போட்டு, அந்த இடத்தில் கம்பியின் வோல்டேஜைப் பாருங்கள். 2,000-க்குக் கீழே இறங்க வேண்டும். கடப்பாரை சாய்த்தும் இறங்கவே இல்லையென்றால் மண் கரண்டை வாங்கவே இல்லை; ஆட்டுக்கு நடப்பதும் அதுதான். இறங்கினால் அடுத்து, மெஷினருகே கடைசி எர்த் ராடில் டெஸ்டரின் ஒரு முனையையும், ராடிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் மறுமுனையையும் வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை. (சாதாரண மல்டிமீட்டர் இந்தத் துடிப்பைச் சரியாக அளக்காது, அதுவும் கெட்டுப்போகும். வேலி டெஸ்டர்தான் வேண்டும்.)

எர்த் போதவில்லையென்றால் 2 மீட்டர் நீள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு குறைந்தது மூன்று, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளியில் அடித்து, ஒரே கம்பியால் இணைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையால் முறுக்கிவிடும் இணைப்பு ஒரே மழையில் துருப்பிடிக்கும். செம்புக் கம்பியை ஜிஐ ராடில் கட்டினாலும் இணைப்பு அரித்துவிடும். தண்ணீர்த் தொட்டி வழிகிற இடம், வாய்க்கால் ஓரம் என்று ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து அடியுங்கள். ஆனால் மோட்டார் ரூம் எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். உப்பும் கரியும் கொட்டச் சொல்வார்கள். உப்பு ராடைத் தின்றுவிடும். கோடையில் வாரம் ஒருமுறை ராடுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

இவ்வளவு செய்தாலும் சித்திரை, வைகாசியில் வேலியோர மண் காய்ந்துதான் கிடக்கும். அதற்கு மண்ணை நம்பாமல், வேலியிலேயே எர்த் கம்பி ஓட்டுவதுதான் சரி. தரையிலிருந்து 15, 30, 45, 70, 100 செ.மீ. உயரத்தில் ஐந்து கம்பிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1, 3, 5 ஷாக் கம்பிகளாக இருக்கட்டும். 2, 4-ஐ ஷாக் கம்பியோடு சேர்க்கும் இணைப்புத் துண்டுகளை எல்லா மூலையிலும், கேட் அருகிலும் தேடிப் பிடித்து வெட்டிவிட்டு, அந்த இரண்டையும் மெஷினின் எர்த் முனையில், ராடுகளோடு சேர்த்து இணையுங்கள். இன்சுலேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. ஆடு தலையை நுழைத்தால் இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் படும். தாவி நுழைந்து கால் தரையில் படாவிட்டாலும் ஷாக் உண்டு. கம்பிகள் தொய்ந்து ஒன்றையொன்று தொட்டால் மொத்த வேலியும் ஷார்ட் ஆகிவிடும் என்பதால் இழுவிசை முன்னைவிட முக்கியம். அடிக்கம்பிக்குத் தனியாக ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள். மழைக்காலத்தில் புல் வளர்ந்து அதில் படும்போது, அறுக்கும்வரை அதை மட்டும் நிறுத்திவைக்கலாம்.

வெள்ளாட்டுக்கு வேலியின் கடைக்கோடியில், எல்லாம் இணைந்த நிலையில், 4,000 வோல்ட்டாவது நிற்க வேண்டும். குறைந்தால் நடந்து பாருங்கள். 'டிக் டிக்' சத்தம் கேட்கும் இடத்தில் கசிவு இருக்கிறது. இருட்டிய பிறகு போனால் நீலப் பொறியே தெரியும். இன்சுலேட்டருக்குப் பதிலாகச் சொருகிய டியூப் துண்டுகள், கேட்டுக்கு அடியில் புதைத்த வீட்டு வயர் இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள். வீட்டு வயரின் உறை 1,100 வோல்ட்டுக்குத்தான் தாங்கும். கேட்டுக்கு அடியில் வேலிக்கென்றே விற்கும் கேபிள்தான் போக வேண்டும்.

பேட்டரியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மெஷின் 0.25 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி). மூன்று நாள் மூட்டத்துக்கு 18. பேட்டரியைப் பாதிக்குமேல் காலியாக்கக் கூடாது என்பதால் 12 வோல்ட், 40 ஏ.ஹெச்., அதற்கு 40 வாட் பேனல் பொருந்தும். சார்ஜ் இறங்கிவிட்டால் பேட்டரியைக் கழற்றி எடுத்துவந்து ஏற்றுங்கள். வேலியில் மாட்டியபடியே வீட்டு கரண்ட் சார்ஜரைச் செருகவே கூடாது. சார்ஜரில் பழுது என்றால் 230 வோல்ட் நேரே கம்பிக்குப் போகும்.

ஒரே வேலிக்கு இரண்டு மெஷின் கொடுத்தால் துடிப்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி போய்விடும், செய்யாதீர்கள். முள்கம்பியில் ஷாக் கொடுக்காதீர்கள், சிக்கியவர் விடுபட முடியாது. மின்வாரிய லைனுக்கு அடியில் வேலி போவதைக் கூடியவரை தவிருங்கள். பாதையோரம் போகும் வேலியில் 100 மீட்டருக்கு ஒன்றாவது மஞ்சள் எச்சரிக்கைப் பலகை, இரு பக்கமும் தெரியும்படி வேண்டும். ஆடு சிக்கிக்கொண்டால் முதலில் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். உங்கள் நிலம் காப்புக்காட்டுக்கு அருகில் இருந்தால், 2023-இல் வந்த தமிழ்நாட்டு மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

நுழைந்து பழகிய ஆடுகள், வேலி சரியானதும் தானாகத் திருந்திவிடாது. பட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் இதே கம்பி வரிசையை 10 மீட்டருக்கு இழுத்து, தரையை நனைத்து, அந்தப் பக்கம் கொஞ்சம் அகத்திக்கீரையைக் கட்டித் தொங்கவிடுங்கள். தலையை நீட்டி மூக்கில் ஒருமுறை வாங்கட்டும். இரண்டு மூன்று நாள் அங்கேயே இருக்கட்டும். மந்தையில் முதலில் நுழைகிற ஆடு ஒன்றோ இரண்டோ இருக்கும். அவற்றை அடையாளம் கண்டு, வாங்கின பிறகே மற்றதோடு சேர்த்து வெளியே விடுங்கள்.