பாக்டீரியாவில் தயாரான இன்சுலினை மகளுக்குப் போடலாமா?

கடிதத்தில் ஆறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஆனால் என் கண்ணில் பட்டது கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள மகளுக்கு, 'ஈ. கோலை கிருமியில் செய்த இன்சுலின்' என்று ஒரு வீடியோவைப் பார்த்துப் பயந்து, பத்து நாளாக ராத்திரி ஊசியை நிறுத்திவிட்டீர்கள்; நேற்றிலிருந்து அவளுக்கு வாந்தி. இது பதில் வெளியாகும்வரை காத்திருக்கிற விஷயமா? உங்களுக்கு உடனே தனியாகச் சொல்லியாயிற்று. இங்கே எழுதுவது, இதே பயத்தோடு இருக்கும் மற்றவர்களுக்காக.

டைப் 1-இல் இன்சுலினைக் குறைத்த பிறகு வரும் வாந்தியை அஜீரணம் என்று நினைக்காதீர்கள். இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரிக்கிறது, கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேர்கிறது, ரத்தமே அமிலமாகி உயிருக்கு ஆபத்தாகும் கீட்டோஅசிடோசிஸ் வருகிறது. வயிற்று வலி, விடாத தாகம், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குவது, வாயில் பழ வாசனை, தூக்கக் கலக்கம் என்று இவற்றில் ஏதாவது ஒன்று வாந்தியோடு சேர்ந்தாலே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. 'ஒன்றும் சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு' என்று இருக்கிற கொஞ்சத்தையும் நிறுத்துகிறார்கள் பாருங்கள், அதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. சாப்பிடாவிட்டாலும் நெடுநேரம் வேலை செய்யும் அந்த ராத்திரி இன்சுலின் வேண்டும். அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஈ. கோலை பாக்டீரியா. மனித இன்சுலினுக்கான மரபணுவை பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ வளையத்தில் ஒட்டி, இன்னொரு உயிரின் செல்லுக்குள் அனுப்புகிறார்கள். அந்த உயிர்தான் ஓம்புயிரி. 1978-இல் ஈ. கோலையை வைத்து இதைச் செய்து காட்டினார்கள், 1982-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்ததைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம், அதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை. இன்சுலின் செய்யப் பயன்படும் ஈ. கோலை நோய் உண்டாக்காத ஆய்வக வகை. சில இன்சுலின்களுக்கு ஓம்புயிரி ஈஸ்ட். ரத்தம் உறைய உதவும் காரணி 8 மாதிரி சிக்கலான புரதத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்ட வேண்டும், அது பாக்டீரியாவால் முடியாது, எனவே ஹாம்ஸ்டர் செல் போன்ற பாலூட்டிச் செல்கள் தேவை. இன்சுலினுக்கு அந்தத் தொல்லை இல்லை, வெறும் 51 அமினோ அமிலம், பாக்டீரியாவே போதும். உள்ளே சேர்ந்த புரதத்தை எடுக்க அந்தச் செல்லையே உடைத்துவிடுகிறார்கள். அப்புறம் பல கட்டச் சுத்திகரிப்பு, ஓம்புயிரியின் மிச்சம் மீதி இருக்கிறதா என்று சோதனை. குப்பிக்குள் உயிரோடு எதுவும் வருவதில்லை.

உங்கள் மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். இந்த ஊசியால் மரபணு மாறுமா? மாறாது. ஊசியில் இருப்பது புரதம், வேலை முடிந்ததும் உடலே அதைச் சிதைத்துவிடும். நாளைக்குப் பிறக்கும் குழந்தையைப் பாதிக்குமா என்ற கேள்விக்கும் இதே பதில். ஊசி போடும் இடத்தில் கட்டி? ஒரே இடத்தில் குத்துகிறீர்கள், இடத்தை மாற்றுங்கள். மூலிகைப் பொடி? டைப் 1-இல் இன்சுலினுக்குப் பதிலாக எந்தப் பொடியும் இல்லை, தயவுசெய்து விளையாடாதீர்கள்.

குப்பியிலிருந்து 'கிருமி வாடை' வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மெட்டாகிரெசாலின் நெடி, கிருமி வளராமல் இருக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள்.